இம்பாலா மான் ஸ்டிக்கர் ஒட்டினது போல நிற்கிறது, உதவுங்கள்

புதுத்தூரிகை:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ், அக்ரிலிக். கென்யாவின் மசாய் மாராவில் பொழுது சாய்கிற நேரம். குடை விரித்தது போல ஒரு வேலமரம், முன்னால் கொம்போடு ஒரு இம்பாலா, அதன் மடியில் முட்டி முட்டிப் பால் குடிக்கும் குட்டி. வானமும் மரமும் ஓரளவு வந்துவிட்டன. மான் மட்டும் யாரோ வெட்டி ஒட்டினது போல நிற்கிறது. ஓரங்களை ஈரத் தூரிகையால் மழுக்கிப் பார்த்தேன், ஸ்டிக்கர் நனைந்தது போல ஆனதுதான் மிச்சம். மூன்று முறை அழித்து வரைந்தாயிற்று.

இன்னொரு தொல்லை: அடிவானத்து ஆரஞ்சும் மேலே உள்ள நீலமும் சேரும் இடம் பாசி பிடித்த சுவர் போல இருக்கிறது. வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பாக வெளிறுகிறது. என்ன செய்யலாம்?

வண்ணக்கலவை:
வானத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஆரஞ்சும் நீலமும் நேருக்கு நேர் மோதினால் சேறுதான். நடுவே ஒரு பட்டை ரோஸ் விடுங்கள், அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பில் துளி வெள்ளை போதும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலிருந்து நீலத்தை இறக்குங்கள். தாலோ நீலம் வேண்டாம், அது பச்சைப் பக்கம் சாயும். அல்ட்ராமரைன் என்றால் ரோஸோடு சேர்ந்து ஊதாவாகும், மாலை வானத்துக்கு அதுதான் வேண்டும்.

சும்மாவந்தவன்:
மானைச் சுற்றிக் கறுப்பு அவுட்லைன் போட்டால் எடுப்பாக இருக்குமே?

வண்ணக்கலவை:
ஐயோ, வேண்டாம் சகோ. ஏற்கெனவே ஸ்டிக்கர், அப்புறம் அச்சடித்த ஸ்டிக்கர் ஆகிவிடும்.

பழையபலகை:
மானை எந்தப் போட்டோ பார்த்து வரைந்தீர்கள்?

புதுத்தூரிகை:
நான் அங்கே போனபோது எடுத்ததுதான். மான் ஒரு நாள் மதியம் எடுத்தது, வானம் வேறொரு நாள் மாலை.

பழையபலகை:
சரி, வியாதி ஓரத்தில் இல்லை. உங்கள் மான் மதிய வெயிலில் நிற்கிறது, வானம் ஆறரை மணியில் இருக்கிறது. மசாய் மாரா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒன்றரை டிகிரிதான். மதியம் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும். அதனால்தான் முதுகு பளபளக்கிறது, நிழல் வயிற்றுக்கு நேர் கீழே குட்டையாக விழுகிறது. சூரியன் மானுக்குப் பின்னால் இருந்தால் நிழல் நம்மை நோக்கி நீளமாக வரவேண்டும்.

போனில் படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மானின் வெள்ளை வயிறு வானத்தை விடப் பிரகாசமாகத் தெரியும். பின்வெளிச்சத்தில் அது நடக்கவே நடக்காது. வெள்ளை வயிறும் அந்நேரம் சாம்பல் கலந்த ஊதாதான், கீழே மட்டும் புல்லிலிருந்து எகிறும் வெளிச்சத்தில் லேசான மஞ்சள். உடம்பு முழுக்க அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து, கிளேசிங் மீடியம் (நிறத்தைக் கண்ணாடி போல ஊடுதெரிய வைக்கும் திரவம்) ஊற்றி, மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். ட்யூப் கறுப்பைத் தொடாதீர்கள், கேன்வாஸில் ஓட்டை விழுந்தது போல இருக்கும்.

அதன் பிறகு கழுத்து, முதுகு ஓரத்தில் சூரியன் உள்ள பக்கம் மட்டும் ஒரு மயிரிழை வெளிச்சம், விட்டு விட்டு. காது மடலில் தாராளமாகச் செம்மை வைக்கலாம். வெளிச்சம் ஊடுருவி, உள்ளே ரத்தம் ஓடுவது தெரிகிற செம்மை அது. என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அந்த இரண்டு காதுதான்.

நான்கு குளம்பையும் வரைந்து காட்டியிருக்கிறீர்கள். புல் எதற்கு இருக்கிறது? கணுக்கால் வரை மூடுங்கள்.

டாங்கா:
இதெல்லாம் தான்சானிய ஓவியர் டிங்காடிங்காவிடம் எடுபடாது! தார் எஸ் சலாமில் 1968 வாக்கில் அவர் ஆரம்பித்த பாணியில் சைக்கிள் பெயின்ட், ஹார்ட்போர்டு, நிழலே இல்லாத மிருகங்கள். ஸ்டிக்கர் மாதிரியேதான் இருக்கும், அதுதான் அழகு.

பழையபலகை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வானத்திலும் நிழல் வெளிச்சம் பார்க்க மாட்டார். இவர் வானத்தை அசலாக வரைந்து மாட்டிக்கொண்டார்.

புல்வெளிக்காரி:
ஒருவரும் கவனிக்கவில்லையா? இம்பாலாவில் கிடாவுக்குத்தான் கொம்பு. கொம்பு வைத்த கிடா குட்டிக்குப் பால் கொடுக்கிறது! தாம்சன் கெஸல் என்றாலாவது பெட்டைக்கும் மெல்லிசாகக் கொம்பு உண்டு, ஆனால் அதற்கு விலாவில் பட்டையாகக் கறுப்புக் கோடு வேண்டும். கொம்பை எடுங்கள், இல்லை குட்டியை எடுங்கள். அப்படியே பின்னங்காலில் குளம்புக்கு மேலே கறுப்பு மயிர்க்கொத்து வையுங்கள், இம்பாலாவுக்கு அதுதான் அடையாளம்.

புதுத்தூரிகை:
கொம்பை எடுத்தால் பின்னால் இருக்கும் வானத்தை மறுபடி கலக்க வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கிறது, அதே நிறம் எனக்கு வராது. அதனால் குட்டியைப் புல்லாக்கிவிட்டேன். ஊதா கோட் கொடுத்ததும் மான் வானத்துக்குள் போய் நின்றுவிட்டது, பழையபலகை அண்ணாவுக்கு நன்றி. மயிர்க்கொத்து புல்லுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் குட்டி இருந்த இடம் மேடாகத் தெரிகிறது, தலை உட்பட.

பழையபலகை:
400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேயுங்கள். துணி தெரியும் வரை போகவேண்டாம். பின்னால் ஒரு புத்தகத்தை முட்டுக்கொடுத்துக்கொள்ளுங்கள்.