விதை மல்லாட்டையில் நகரும் மாவு

விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். மார்கழிப் பட்டத்துக்கு விதைக்க வைத்த மல்லாட்டை (நிலக்கடலை) 2 மூட்டை. ஐப்பசி மழையில் கூரை ஓடு ஒழுகியது. இப்போது சாக்கு மடிப்பில் மாவு சிந்தினாற்போல் இருக்கிறது. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் நகருகிறது! பருப்பைத் தின்கிறதா, பூஞ்சையையா? விதைக்கலாமா?

பதில் (புதுச்சேரி): உண்ணி வகைதான். பூஞ்சையை மேயும், உடைந்த பருப்பையும் விடாது. பூஞ்சையைத் தின்றால் நல்லதுதானே என்று நானும் நினைத்தவன். ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை வளர்ப்பது என் வேலை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் 14 தட்டுகளிலும் கறுப்புப் புள்ளிக் கோடு. உண்ணி நடந்த தடம்! அதன் உடம்பு மயிரில் பூஞ்சை வித்து ஒட்டிக்கொள்ளும், எச்சத்திலும் உயிரோடு வெளிவரும். அந்தப் பூஞ்சை அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சையாக இருந்தால் வயலில் கழுத்தழுகல் நோய்தான்.

கேட்டவர்: அடக் கடவுளே. நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மாவை இப்போதே கலந்து வைக்கட்டுமா?

புதுச்சேரி: வேண்டாம், அதுவும் பூஞ்சைதானே, அதையும் மேய்ந்துவிடும். விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் கலக்குங்கள்.

பதில் (பண்ருட்டி): முதலில் காயவையுங்கள், குலுக்கினால் கலகலக்க வேண்டும். ஈரம் போனால் உண்ணியும் போகும். கறுத்ததைப் பொறுக்கிப் புதையுங்கள், செக்குக்கு அனுப்பாதீர்கள், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம். அப்புறம், அந்த ஓட்டை மாற்றுங்கள் அண்ணே!