தொலைதூர ரேடியோ விண்மீன் மண்டலங்கள்: தாரைகள் விண்மீன் பிறப்பை வளர்க்கின்றனவா, தடுக்கின்றனவா?

கேள்வி (உயர்தர மாணவி, கல்லடி)
வணக்கம். மையக் கருந்துளையின் அருகிலிருந்து தாரைகளை (அதிவேகமாகப் பாயும் குறுகிய பொருளோட்டங்களை) வீசி, வலிமையான ரேடியோ அலைகளை வெளியிடும் ரேடியோ விண்மீன் மண்டலங்களைப் பற்றி வாசித்தபோது, அத்தாரைகள் புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கின்றன என்று ஓரிடத்திலும், அப்பிறப்பை நிறுத்துகின்றன என்று வேறோரிடத்திலும் கண்டேன். தொலைதூர மண்டலங்களில் உண்மையில் நிகழ்வது எது?

பதில் (ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், அக்கரைப்பற்று)
மகள், இரண்டும் நிகழ்கின்றன. விண்மீன் உருவாக அடர்ந்த, குளிர்ந்த மூலக்கூற்று வாயு வேண்டும். அத்தகைய முகிலைத் தாரை அழுத்தினால் அது சுருங்கி விண்மீன்களாகலாம். அதே தாரை சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கினாலோ வெளியே தள்ளினாலோ, பிறப்புக்கான மூலப்பொருளே இல்லாமற் போகும்.

தொலைதூர மண்டலங்களின் ஒளி, ரேடியோ தாரைகளின் திசையிலேயே நீண்டிருப்பது 1987இல் கண்டறியப்பட்டது. அதில் ஒரு பகுதி மறைந்திருக்கும் மையத்தின் சிதறிய ஒளியே. எனினும் ஏறத்தாழ 1200 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒளியை நமக்கு அனுப்பும் 4சி 41.17 என்ற மண்டலத்தில், இளம் விண்மீன்களின் அடையாளமாக நிறமாலையில் தோன்றும் உறிஞ்சல் கோடுகளே 1997இல் காணப்பட்டன. என்னை மிகவும் கவர்ந்தது சிலந்திவலை மண்டலம். 1000 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தோற்றத்தில் நாம் காணும் அதைச் சூழ்ந்து, ஏறத்தாழ பத்தாயிரம் கோடி சூரியன்களின் திணிவுள்ள குளிர்வாயு பரந்திருப்பதையும், அதன் பெரும்பகுதி தனித்தனி மண்டலங்களுக்கு வெளியே இருப்பதையும் 2016இல் அறிவித்தார்கள். ஒரு பெருமண்டலம், தான் வளரும் வாயுவுக்கு நடுவிலேயே உருவாகிக்கொண்டிருப்பதை அங்கே காண்கிறோம்.

பதில் (பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை)
ஐயா கூறியதுடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். பிறப்பு வீதத்தைத் தூசியின் அகச்சிவப்பு ஒளியிலிருந்து கணிக்கிறார்கள். ஆனால் தூசியைக் கருந்துளையின் சூழலும் சூடாக்கும். சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கித் தொகுதியின் கூர்மையான அவதானிப்புகள் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவியபோது, பல மண்டலங்களின் வீதங்கள் முன்பு கணித்ததைவிடக் குறைந்தன. அம்மண்டலங்களுட் பல, பெருமளவு விண்மீன்களை முன்னரே உருவாக்கிவிட்டு, அப்போதே ஓயத் தொடங்கியிருந்தன என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. இத்தகைய ஒன்றை இங்கிருந்து பார்க்க இயலுமா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)
தொலைவிலுள்ளவற்றை இயலாது, மகள். அருகிலுள்ள ரேடியோ விண்மீன் மண்டலமான சென்டாரஸ் ஏ ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மே மாத இரவுகளில் தெற்கு வானில் ஏறத்தாழ 39 பாகை உயரம் வரை எழும். விளக்கொளி இல்லாத கரையிலிருந்து இருகண் நோக்கியில் மங்கலான திட்டாகத் தெரியும். அதன் தாரை செல்லும் வழியிலும் இளம் விண்மீன்கள் காணப்பட்டுள்ளன.