மறு: 'பிரையர்' என்ற மடப் பதவிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை முழுவதையும் இன்று காலை உட்கார்ந்து படித்தேன். டர்ஹம் பேராலயம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்க எடுத்து, முதல் பக்கத்திலேயே இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டு கேள்வியைக் கிளப்பியவன் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இடைக்கால இங்கிலாந்தில் கேன்டர்பரி, டர்ஹம், வின்செஸ்டர், வூஸ்டர், நார்விச், ஈலி போன்ற ஊர்களில் ஆயரின் பேராலயமே ஒரு துறவு மடமாகவும் இருந்தது. டர்ஹமில் 1083இல் அப்போதைய ஆயர், பழைய குருமாரை அனுப்பிவிட்டு பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டுவந்து அமர்த்தினார். இத்தகைய மடங்களுக்குத் தனியாக மடாதிபதி கிடையாது. ஆயரே பெயரளவில் மடாதிபதி. ஆனால் அவருக்கு மறைமாவட்ட வேலை, அரசவை வேலை, பயணம் என்று ஆயிரம் இருக்கும். அன்றாடம் துறவிகளைக் கட்டி மேய்த்து, நிலபுலன், வழக்கு, கட்டுமானம் எல்லாவற்றையும் பார்த்தவர்தான் பிரையர்.

சரி, இப்போது வந்திருக்கும் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் சொல் தேட வேண்டுமா?

ஒலிபெயர்ப்புக்கு நான் எதிரி இல்லை, ஐயா. ஆனால் இந்தச் சொல் நம் எழுத்தில் நிற்க மறுக்கிறது. 'பிரையர்' என்றால் பள்ளிக்கூடத்துப் 'பிரேயர்' காதில் விழுகிறது. 'ரை' தவறி 'ரி' ஆகி 'பிரியர்' என்றானால், டர்ஹம் பிரியர் என்பவர் டர்ஹம் மீது ஆசை கொண்டவர் ஆகிவிடுகிறார். இதைவிடப் பெரிய சிக்கல், பிரான்சிஸ்கன், டொமினிக்கன் சபைகளின் 'ஃபிரையர்'கள். ஊர் ஊராகப் போய்ப் போதித்து, இரந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் ஆய்த எழுத்துதான் நிற்கிறது. அச்சில் அது விழுந்துவிட்டால் வாசகர் தப்பான சபைக்குப் போய்விடுவார்.

> துணை மடாதிபதி என்பதே போதும். ஆயர் மடாதிபதி என்றால் அடுத்தவர் துணைதானே?

இழையில் ஓர் அம்மா சொன்ன இந்தச் சொல்லைத்தான் நானும் முதல் வரைவில் போட்டிருந்தேன். அதைக் கெடுத்தவர் ஈஸ்ட்ரி ஊர் ஹென்றி. கேன்டர்பரியில் 1285 முதல் 1331 வரை, 46 ஆண்டுகள் பிரையர் பதவியில் இருந்தவர். அவர் காலத்தில் பெக்கம், வின்செல்சி, ரெனால்ட்ஸ், மெஃபம் என நான்கு பேராயர்கள். அதாவது பெயரளவிலான மடாதிபதி மாறிக்கொண்டே இருக்கிறார், மடத்தை ஆள்பவர் மாறவே இல்லை. பேராயர் பதவி காலியானால் மறைமாவட்டத்தின் சமயப் பணிகளையே இவரும் துறவிகளும்தான் பார்த்துக்கொண்டார்கள். இவரைத் 'துணை' என்று எழுதக் கை வரவில்லை.

இன்னொரு சோதனை. 1205இல் பேராயர் ஹூபர்ட் வால்ட்டர் இறந்ததும் கேன்டர்பரித் துறவிகளில் சிலர், மன்னர் ஜானுக்குத் தெரியாமல் தங்களுள் ஒருவரான ரெஜினால்டைத் தேர்ந்தெடுத்து ரோமுக்கு அனுப்பினார்கள். மன்னர் தன் ஆளான நார்விச் ஆயரைத் தேர்ந்தெடுக்க வைத்தார். போப் மூன்றாம் இன்னசென்ட் இரண்டையும் தள்ளிவிட்டு ஸ்டீபன் லாங்டனைக் கொண்டுவர, அது முற்றி 1208இல் இங்கிலாந்து முழுக்க வழிபாட்டுத் தடை வந்தது. இந்த ரெஜினால்டு, பிரையருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். பிரையரைத் துணை மடாதிபதி என்றால் இவர் 'துணைத் துணை மடாதிபதி'. இப்படி ஒரு பெயரோடு ஒருவர் வரலாற்றில் நடமாட முடியுமா?

அப்படியானால் நேராக மடாதிபதி என்றே சொல்லிவிடலாமா? வெஸ்ட்மின்ஸ்டரில் அது உதைக்கும். அங்கே உண்மையிலேயே மடாதிபதி இருந்தார். பிரையர் அவருக்குக் கீழே இரண்டாமவர். அதே பதவிப்பெயர் வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டாம் இடம், டர்ஹமில் நடைமுறையில் முதல் இடம். நமக்கு வேண்டியது, வரிசை எண்ணைத் தன் தலையில் சுமக்காத ஒரு சொல்.

'முதல்வர்' என்ற யோசனையை நான் ஒரே வாக்கியத்தை வைத்து மறுக்கிறேன். டர்ஹம் மடம் 1539 டிசம்பர் 31 அன்று எட்டாம் ஹென்றி மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடைசி பிரையர் ஹ்யூ வைட்ஹெட். 1541இல் பேராலயம் துறவிகள் இல்லாமல் புதிதாக அமைக்கப்பட்டபோது, முதல் 'டீன்', அதாவது பேராலயக் குருமாரின் தலைவர், ஆனவரும் அதே வைட்ஹெட்தான். டீனுக்கு நாம் ஏற்கெனவே முதல்வர் என்கிறோம், மருத்துவக் கல்லூரி வரைக்கும். பிரையரும் முதல்வர் என்றால், "மடத்தின் கடைசி முதல்வர் முதல் முதல்வரானார்" என்று எழுத வேண்டியிருக்கும். ஒரு மனிதர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறொரு காலத்துக்குள் நுழைந்த தருணம் அது. மொழிபெயர்ப்பில் அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

சைவ ஆதீனங்களிலிருந்து 'சின்ன சன்னிதானம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மடத்து வழக்கை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் சின்ன சன்னிதானம் அடுத்து அந்தப் பீடத்துக்கு வர வேண்டியவர். பிரையர் ஆயரின் வாரிசு இல்லை. டர்ஹம் பிரையராக இருந்த டர்கட் போலச் சிலர் ஆயரானது உண்டு, ஆனால் அவர் போனது டர்ஹம் பீடத்துக்கு இல்லை, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூசுக்கு.

என் பரிந்துரை: முன்னவர்.

லத்தீனில் 'பிரியோர்' என்றால் முன்னால் இருப்பவர், முந்தியவர். பெனடிக்டின் ஒழுங்குநூலில் 65ஆம் அதிகாரம் இந்தப் பதவியைப் பற்றியதுதான். அங்கே பெனடிக்ட் பயன்படுத்தும் சொல் 'ப்ரேபோசிட்டுஸ்', அதாவது முன்னே வைக்கப்பட்டவர். இரண்டுக்கும் அடியில் இருப்பது 'முன்' தான். அந்த அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள், பெனடிக்டுக்கு இந்தப் பதவி மீது எவ்வளவு கவலை என்று தெரியும். சிலர் செருக்கேறித் தங்களை இரண்டாம் மடாதிபதியாகவே எண்ணிக்கொண்டு மடத்தைப் பிளக்கிறார்கள் என்கிறார். 'துணை மடாதிபதி' என்று பெயர் வைத்தால் அவர் அஞ்சியதையே நாம் பட்டமாகக் கட்டிவிடுகிறோம்.

நம்மிடம் முன்மாதிரியும் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 'அவை முன்னவர்' என்கிறோம். தலைமை இருக்கை பேரவைத் தலைவருடையது. அலுவல்களை முன்னின்று நடத்துபவர் அவை முன்னவர். இருக்கை ஒருவருக்கு, நடத்துவது இன்னொருவர் என்ற அந்த அமைப்பு டர்ஹமுக்கு அப்படியே பொருந்துகிறது.

முன்னவர் என்றால் 'தனக்கு முன் இருந்தவர்' என்றும் பொருள் வருமே என்று கேட்பீர்கள். வரும். லத்தீனிலும் அந்த இரட்டைப் பொருள் உண்டு. பதவிக்கு முன்னவர், முன்பு இருந்தவருக்கு 'முந்தையவர்' என்று பிரித்து வைத்துக்கொண்டு ஐம்பது பக்கம் எழுதிப் பார்த்துவிட்டேன், ஓரிடத்திலும் இடிக்கவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'மடமுன்னவர்' என்று சேர்த்து எழுத வேண்டாம். மடம் அங்கே மடமையாகிவிடும். 'மடத்து முன்னவர்' என்று அத்துச் சாரியையோடு எழுதினால் அந்தப் பேச்சே எழாது. ரெஜினால்டு 'துணை முன்னவர்' ஆகிறார், படிக்க இதமாக இருக்கிறது. ஆயருக்குரிய மடங்களைப் 'பேராலய மடம்' எனலாம். மடாதிபதி இல்லாமல் முன்னவரே தலைமை தாங்கிய மற்ற மடங்களுக்கு 'முன்னவர் மடம்'.

வைட்ஹெட் வாக்கியம் இப்போது இப்படி வருகிறது: "மடத்தின் கடைசி முன்னவர், பேராலயத்தின் முதல் முதல்வரானார்." 'முதல் முதல்வர்' கொஞ்சம் உறுத்துகிறது, 'முதலாவது முதல்வர்' என்று மாற்றலாமா என்று பார்க்கிறேன்.

அப்புறம், அடுத்த முடிச்சு தயாராக இருக்கிறது. ஈலியில் 1322 பிப்ரவரியில் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தபோது, அந்த இடத்தில் எண்கோண மண்டபத்தை எழுப்பும் பொறுப்பை ஏற்றவர் வால்சிங்கம் ஊர் ஆலன். 1341இல் அவர் முன்னவரானார். ஆனால் கோபுரம் விழுந்த இரவில் அவர் 'சாக்ரிஸ்ட்'. ஆலயக் கட்டடம், விளக்கு, திருவுடை, திருக்கலன்கள் எல்லாம் அவர் கையில். 'திருப்பணியாளர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் கட்டடம் வருகிறது, விளக்கும் உடையும் வரவில்லை. கோயில் வழக்கில் இதற்கு நல்ல சொல் யாருக்காவது தெரிந்தால் இதே இழையிலேயே எழுதுங்கள், ஈலி அத்தியாயத்தை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்.