மாடக்குழிப் புட்டியும் வயல் மருந்தும்

மன்னார்குடிப் பக்கம்

போன மாசம் ஊரில் பழைய வீட்டைப் பிரித்தோம். கூடத்து மாடக்குழியைத் துடைத்தபோது மூலையில் சின்னதாய் ஒரு மஞ்சள் புட்டி. மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அமிர்தாஞ்சன். 1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய சரக்கு. பின்னால் ஆந்திர பத்திரிகா நடத்தினாரே, அவரேதான். எங்க வீட்டில் அந்தப் புட்டி காலியாவதே ஒரு பெரிய கதை. விரலால் வழித்து, தீக்குச்சியால் சுரண்டி, அதற்கப்புறம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி அந்தத் தண்ணியில் ஆவியும் பிடித்துவிட்டுத்தான் அப்பாயி அதை வேறு காரியத்துக்கு எடுத்து வைப்பாள். தூக்கிப் போடுவது என்ற பேச்சே கிடையாது.

தாத்தாவுக்கு மருந்து என்றால் ஒரே ஒரு பரீட்சைதான். "சுள்ளுன்னு ஏறணும். ஏறலேன்னா அது மருந்து இல்லடா, வெண்ணெய்." தலைவலிக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். வயலுக்கும் அதே அளவுகோல் என்பதில்தான் வந்தது வினை.

1960-61-ல் தஞ்சை மாவட்டத்துக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. விதை, உரம், கடன், பூச்சி மருந்து எல்லாம் ஒரே மூட்டையாக. கிராம சேவக் என்கிற அரசாங்க ஊழியர் சைக்கிளில் வருவார். பி.எச்.சி. என்ற பூச்சிப் பொடியைக் கொடுத்தபோது தாத்தா முகர்ந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு மாதிரி இருக்கு, இதுக்கா பூச்சி சாவும்?" என்றாராம். அப்புறம் எண்டிரின் வந்தது. டின்னைத் திறந்தாலே நாலு வரப்புக்கு நாறும். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அறுபதுகளின் கடைசியில் ஒரு குறுவை. குருத்துப்பூச்சி விழுந்திருந்தது. முழு டின் வாங்கக் காசில்லை, பக்கத்து வயல்காரரிடம் கொஞ்சம் ஊற்றி வாங்கிவரச் சொல்லி அப்பாவை அனுப்பினார் தாத்தா. அப்பா மாடக்குழியில் கைக்கு அகப்பட்ட காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். கிரைப் வாட்டர் புட்டி. அடித்தது போக அடியில் இரண்டு விரல்கடை மிச்சம். எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே வைத்துவிட்டார்.

பிரசவத்துக்கு வந்திருந்த அத்தையின் பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள். ராத்திரி வீல் வீலென்று அழுகை. சிம்னி வெளிச்சத்தில் அப்பாயி எழுந்துபோய்ப் புட்டியை எடுத்து, பாலாடையில் ஊற்றி, பிள்ளையை மடியில் போட்டுக் காலை இடுக்கிக்கொண்டாயிற்று. பாலாடையை வாய்க்கிட்ட கொண்டுபோனவளுக்கு வாடை அடித்தது. எண்ணெய் விளக்கு கொட்டிவிட்டது என்று நினைத்து விளக்கைத்தான் முதலில் பார்த்தாளாம். அப்புறம் பாலாடையைப் பார்த்தாள். பாலாடையோடு முற்றத்தில் வீசிவிட்டு, பிள்ளையை அணைத்தபடி விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் தாத்தா யாரையும் திட்டவில்லை. புட்டியின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டி மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டார். அதிலிருந்து எங்க வீட்டில் கறுப்புக் கயிறு கட்டிய எதையும் எவரும் தொடமாட்டோம். 1971-ல் அரசாங்க விதி வந்து பூச்சி மருந்து டப்பாக்களில் விஷத்துக்குத் தக்கபடி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் போட்டார்கள். எங்க சட்டம் அதுக்கு முந்தையது.

நம்ம பாஷையில் ரெண்டுக்கும் ஒரே பேர் இருப்பதை அன்றைக்கு யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். புட்டியில் இருந்ததும் மருந்து, வயலில் அடித்ததும் மருந்து. உங்க ஊர் மருந்துக் கதைகளையும் சொல்லுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம்

எங்க கரிசக்காட்டுக்கு மருந்து சந்தையில வந்துச்சு. எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஐயாகூடப் போவேன். ஒரு ஓரத்துல உடுக்கைச் சத்தம் கேட்கும். கீரிப்பிள்ளையை முளைக்குச்சியில கட்டியிருப்பான், கூடைக்குள்ள பாம்பு. "இன்னும் கொஞ்ச நேரத்துல ரெண்டையும் சண்டைக்கு விடப்போறேன், யாரும் கையைக் கட்டாதீங்க, எடத்தை விட்டு அசைஞ்சா ரத்தம் கக்குவீங்க" அப்படின்னு ஒரு மெரட்டல். நான் பார்த்த எத்தனையோ சந்தையில ஒருநாளும் அந்தச் சண்டை நடக்கல. கீரி தூங்கிட்டு இருக்கும்.

அவன் விக்கிறது லேகியமும் தைலமும். மயிலெண்ணெய்ம்பான், உடும்புத் தைலம்பான். மயிலைத் தேசியப் பறவைன்னு 1963-லயே அறிவிச்சாச்சு, அந்தச் சேதி அவனுக்கு வரல போல. பல்லுல புழு எடுக்கிறதுதான் பெரிய வேடிக்கை. கண்டங்கத்திரி விதையைக் கங்குல போட்டு, ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழாய் வச்சுப் புகையை வாய்க்குள்ள விடுவான். கீழ செரட்டைத் தண்ணியில வெள்ளை வெள்ளையா நூல்போல விழும். "பாத்துக்கங்க, புழு!" சனம் அப்படியே அசந்து நிக்கும். எங்க சின்னையாவுக்கு ஏழு புழு எடுத்தான். வலி மட்டும் போகல.

பத்தாங்கிளாஸ் படிக்கும்போது எனக்கு ஒரு குறுக்குபுத்தி. வீட்டுப் பின்னால அதே விதையைக் கங்குல போட்டு, பல்லே இல்லாம, நேரா தண்ணிக்கு மேல புகையைப் பிடிச்சேன். வெடிச்ச விதைக்குள்ள இருந்து சுருண்ட வெள்ளை முளை தெறிச்சுத் தண்ணியில மிதந்துச்சு. அச்சு அசல் புழு. ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சின்னையாகிட்ட சொல்லாத"ன்னு மட்டும் சொன்னாரு.

ஆனா ஒண்ணு, அவனை வெறும் ஏமாத்துக்காரன்னு தள்ளிவிட எனக்கு மனசு வரல. லேகியம் வாங்கறவன்கிட்ட முதல்ல "என்ன வெள்ளாமை போட்டிருக்கீரு?"ன்னு கேட்பான். ஐயா பருத்தின்னாரு. "ஓரத்துல சுத்தி ஆமணக்கு போடும். அந்துப்பூச்சி அதுல போய் முட்டை வைக்கும். இலையோட கிள்ளிப் பொசுக்கிரும்"னான். அடுத்த வருசம் ஐயா போட்டாரு. புழு கொத்துக்கொத்தா ஆமணக்குலதான் இருந்துச்சு, பருத்தி தப்பிச்சது. ஊர் ஊரா அலையறவன் பத்து காட்டைப் பார்த்திருப்பான்ல? யோசனை இனாம், லேகியம் எட்டணா. இனாமாக் குடுத்ததுதான் உருப்படி. அது பலிச்சதால லேகியமும் பலிக்கும்னு நம்பி ஐயா நாலு வருசம் வாங்கித் தின்னாரு!

கோபிசெட்டிபாளையம் பக்கம்

எங்கூட்ல அமத்தா ஒரு முட்டையை வெச்சுத்தான் வெதை நெல்லு பாப்பாங்க. அண்டாத்தண்ணில உப்பைப் போட்டுக் கலக்கிக்கிட்டே முட்டையை உள்ள உடறது. முட்டை மேல வந்து நாலணாக் காசு அகலத்துக்குத் தண்ணிக்கு வெளிய தெரிஞ்சா உப்பு போதும். அப்பறம் நெல்லைக் கொட்டுனா சாவி, அரைகொறையாப் புடிச்ச நெல்லு எல்லாம் மெதக்கும், முத்துன நெல்லு அடியில தங்கும். அதைய நல்ல தண்ணில ரெண்டு தரம் அலசோணும், இல்லீன்னா உப்பு மொளைப்பைக் கெடுத்துப்போடும். இதுக்கு எந்தப் புட்டியும் வேண்டாமுங்க. அந்த முட்டை கடைசீல எனக்குத்தான்.

இராமநாதபுரம் பக்கம்

எங்கள் ஊரில் மருந்து கப்பலில் வந்தது. ரஜூலா கப்பலில் சபுராளி, அதாவது கடல்கடந்து சம்பாதிக்கப் போனவர், வந்து இறங்கினால் பெட்டி திறக்கும்போது தெரு முழுக்க நிற்கும். கைலி சொந்தக்காரர்களுக்கு, கோடாலித் தைலம் ஊருக்கு. சிங்கப்பூரில் 1928-ல் லியுங் யுன் சீ என்ற சீனர் தொடங்கிய லியுங் காய் ஃபூக் கம்பெனியின் சரக்கு, எங்கள் கிழவிகளின் சுருக்குப்பைக்குள் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் இடம் பிடித்துவிட்டது. பத்திய மருந்து சொல்லும் வைத்தியரே மூக்கில் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வாப்பாவின் உழவு மாட்டுக்கு நுகத்தடி உரசிக் கழுத்து வீங்கியிருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டால் ஆறியிருக்கும். மாமா, "மனுசனுக்குக் கேட்கிறது மாட்டுக்குக் கேட்காதா?" என்று அரைப் புட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டார். தோல் வழன்ற இடம் வேறு. காளை கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மாய்க்குள் போய் இறங்கியது. பொழுது சாயும்வரை கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கரையில் நின்ற மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் மாமா பக்கத்தில் வந்தாலே பெருமூச்சு விடும். கொம்பை ஆட்டும்.

திருவாரூர் பக்கம், ஓய்வுபெற்ற செவிலியர்

மேலே சொன்னீர்களே, ரெண்டுக்கும் ஒரே பேர் என்று. அதை நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருடம் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரை மயக்கத்தில் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "மருந்து ஏதாச்சும் சாப்பிட்டாரா?" என்று நான் கேட்டதும் அவர் சம்சாரம் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டார். காய்ச்சல் மாத்திரையைத்தான் கேட்டேன் என்று புரியவைக்க அந்த நேரத்தில் முடியவில்லை. அன்றிலிருந்து "மாத்திரை" என்றே கேட்பேன். மருந்து என்ற சொல்லை எடுக்கமாட்டேன்.

அவர் எதையும் குடிக்கவில்லை. காலையிலிருந்து தெளித்திருக்கிறார், அவ்வளவுதான். சட்டை இல்லாமல், கோவணத்தோடு, எதிர்காற்றில். வாளியில் கையாலேயே கலக்கியிருக்கிறார். கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கிப்போயிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பெல்லாம் தெப்பமாய் வியர்வை. பாரத்தியான் வகைப் பூச்சி மருந்து. டாக்டர் விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார், நான் கண்மணி விரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழைத்துக்கொண்டார். போகும்போது அவர் கேட்டது: "அந்தக் கைவாளியை மாட்டுக்குத் தண்ணி காட்ட வெச்சுக்கலாமா?" வைக்கக்கூடாது என்று கத்தினேன். வெளியில் வந்து எனக்கே கஷ்டமாக இருந்தது. அவருக்கு யார் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள்?

1958-ல் கேரளாவில் இதே பாரத்தியான் கோதுமை மாவில் கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாவும் மருந்தும் ஒரே கப்பலில் வந்ததால். அதற்கப்புறம்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம். பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் எங்கள் பக்கம் யார் யார் "காத்து கருப்பு பட்டு" செத்தார்கள் என்று எழுதினார்களோ, அதில் பாதி காற்றில் வந்த மருந்தாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். கணக்கு இல்லை, என் மனசில் படுவது.

யாழ்ப்பாணம், இப்ப கனடாவில்

எங்கட பக்கத்திலயும் அதே சொல்தான். அப்பு வெங்காயத்துக்கும் போயிலைக்கும் மருந்து அடிக்கிறவர், அம்மம்மா பரியாரியார், அதுதான் நாட்டு வைத்தியர், தந்த மருந்து குடிக்கிறவ. "மருந்து குடிச்சிட்டா" எண்டு ஒருநாள் தம்பி சந்தோசமா வந்து சொன்னான், அம்மம்மா ஒருமாதிரிக் கசாயத்தைக் குடிச்சு முடிச்சிட்டா எண்டு. அப்பு கிணத்தில தண்ணி இறைச்ச துலாவை விட்டிட்டு ஓடி வந்து வேலியில விழுந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அயலில அதே மாசம் ஒரு பெடியனை இழந்திருந்தம்.

இலங்கையில 1995-ல மொனோகுரோட்டபாஸ், மெதமிடபாஸ் எண்ட பூச்சி மருந்துகளைத் தடை செய்தவை, 1998-ல எண்டோசல்பானை. அடுத்த பத்து வருசத்துக்குள்ள நாட்டில தற்கொலைச் சாவு வீதம் ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சது. சனத்தின்ர கவலை பாதியாக் குறையேல்ல. கைக்கெட்டின தூரத்தில போத்தல் இல்லை, அவ்வளவுதான்.

கோவில்பட்டிப் பக்கம்

மன்னார்குடிக்காரரே, அந்த மஞ்சப் புட்டியைத் தொறந்தீரா இல்லையா?

மன்னார்குடிப் பக்கம்

சொல்கிறேன். அதற்கு முன்னால் தாத்தாவைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. எல்லா மருந்தையும் நம்பிய மனுஷன் ரேடியோவை மட்டும் நம்பமாட்டார். 1966-ல் திருச்சி வானொலியில் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்து, ஆடுதுறை 27 நெல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 105 நாள் பயிர், குறுவைக்கு ஏற்றது, எப்போது நாற்று விடணும், எப்போது மேலுரம் போடணும் என்று சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் வரும். ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். தாத்தா மட்டும் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு, "அது பாட்டுக்குப் பேசுது. நாம ஒண்ணு கேட்டா பதில் சொல்லுமா?" என்பார். கிராம சேவக்கிடம் கேட்கலாம், சந்தைக்காரனிடம் கேட்கலாம், பெட்டியிடம் எப்படிக் கேட்பது என்பது அவர் நியாயம். ரெண்டு குறுவை கழித்து எதிர்த்த வயல்காரர் களத்தில் நெல் குவிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போய் விதை கேட்டார். அவர் ரேடியோ கேட்டுப் போட்டவர். தாத்தா கடைசிவரை அதை "எதிர்த்த வயல் நெல்லு" என்றுதான் சொன்னார்.

புட்டி. வெந்நீரில் போட்டு மூடியை இளக்கலாம் என்று என் மகள் அடுப்பில் தண்ணீரே வைத்துவிட்டாள். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் பழுப்பாய் ஏதோ உலர்ந்து ஒட்டியிருந்தது. மகள், "தாத்தா, அதான் அமிர்தாஞ்சன்னு எழுதியிருக்கே" என்றாள்.

"எழுதியிருந்தா?" என்றார் அப்பா.

வேட்டிக் கரையிலிருந்து ஒரு நூலை இழுத்தார், அது வெள்ளையாக இருந்தது. வேண்டாமென்று அதை விட்டுவிட்டு, பேத்தியின் தலையில் கட்டியிருந்த கறுப்பு ரப்பரைக் கேட்டு வாங்கிப் புட்டியின் கழுத்தில் இரண்டு சுற்றுப் போட்டார். கொல்லைக் கடைசியில் குழி தோண்டச் சொன்னார். முழங்கை ஆழம் தோண்டினேன். போதாது என்றார்.