புளூபானட் பூக்களைப் படமெடுக்க இடம் சொல்லி உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினிலிருந்து பிரெடரிக்ஸ்பர்க் பக்கம் காரில் சென்று, சாலையோரம் பூக்கும் நீலநிறக் காட்டுப்பூக்களான புளூபானட்களைப் படமெடுக்க எண்ணியிருக்கிறேன். முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் உடன் வருகிறார்.

சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் போனதால், பெரும்பாலான செடிகளில் பூ முடிந்து, மெல்லிய மயிர் போர்த்த பச்சைக் காய்களே மிஞ்சியிருந்தன. ஒரு வேலியோரத்தில் தப்பியிருந்த கொத்தைக் குனிந்து பார்த்தபோது, மேலிதழின் வெள்ளைப் பொட்டு சில பூக்களில் மட்டும் செவ்வூதாவாக மாறியிருந்தது. பூ முதிரும்போது அப்படி மாறும் என்றும், தேனீக்கள் வெள்ளைப் பொட்டுள்ள இளம்பூக்களையே அதிகம் நாடும் என்றும் பிறகுதான் படித்தேன். அந்த இரு நிறங்களையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பதே இம்முறை என் பெரிய ஆசை.

பிரெடரிக்ஸ்பர்க் அருகிலுள்ள வில்லோ சிட்டி லூப் சாலை மிக அழகானது என்றாலும், இருபுறமும் தனியார் நிலங்கள் என்பதால் அங்கே வண்டியை நிறுத்தி இறங்குவது முறையல்ல. ஆகவே, பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, அம்மா பத்தடி நடந்தாலே பூக்களை அருகில் பார்க்கக்கூடிய இடம் பர்னெட், லானோ, மேசன் பக்கங்களில் எங்கே இருக்கிறது என்று அண்மையில் போய்வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். செடிகளை மிதித்துப் படமெடுக்க எனக்கு மனமில்லை. விதை முற்றி உதிர்ந்தால்தான் அடுத்த ஆண்டும் அங்கே பூக்கும்.

நண்பகல் வெயிலில் நான் எடுத்த படங்களில் நீலம் ஊதாவாகத் திரிந்துவிட்டது. நீங்கள் எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எதில் வைக்கிறீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து சொல்லுங்கள்.