தங்கச்சி கல்யாணத்துக்குச் சங்கிலி: 16 இன்ச்சா, 18-ஆ, 20-ஆ?

செந்தூல்காரி

எல்லாருக்கும் வணக்கம். தைப்பூசம் முடிந்ததும் தங்கச்சிக்குக் கல்யாணம். அம்மாவின் பழைய வளையல்களைப் போட்டு அவளுக்கு ஒரு 916 (22 காரட் தங்கம்) சங்கிலி வாங்குவதாக இருக்கிறோம். பாட்டி கொடுத்த லட்சுமி டாலர் அம்மாவிடம் இருக்கிறது. அதை இதில் கோர்த்துக் கொடுக்க வேண்டும். டாலரின் உயரம் மேல் வளையத்தோடு சேர்த்து 3 செ.மீ.

போன சனிக்கிழமை கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் போனேன். ஒரு கோதுமைச் சங்கிலி பிடித்திருந்தது. 18 இன்ச், 8 கிராம். கடைப்பையன் "18 வேணுமா, 20 வேணுமா?" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் பார்த்தால் ஒரு கடையில் இன்ச், இன்னொன்றில் 45 செ.மீ., மற்றொன்றில் "45+5" என்று போட்டிருக்கிறார்கள்.

தங்கச்சி புக்கிட் மெர்தாஜாமில் ஆசிரியை. பள்ளிக்குப் பெரும்பாலும் பாஜு கூரோங்தான் (மலாய்ப் பாணி நீளச் சட்டையும் பாவாடையும்). கல்யாணத்துக்குப் பிறகு தாலிக்கொடியும் இருக்கும். அவளுக்குத் தெரியாமல் வாங்குவதால் கடைக்கு அழைத்துப் போக முடியாது. அம்மா அவளோடுதான் இருக்கிறார், அதனால் வீட்டில் ஏதாவது அளக்க வேண்டும் என்றால் அம்மா மூலம் செய்துவிடலாம். எதை அளப்பது, எப்படி முடிவு செய்வது?

கெப்போங் அண்ணன்

பெண்களுக்கு 18 எடுத்தால் பொதுவாகச் சரியாக இருக்கும்மா. நான் என் மனைவிக்கும் மகளுக்கும் அதைத்தான் எடுத்தேன். "45+5" என்றால் சங்கிலி 45 செ.மீ., கொக்கிக்குப் பின்னால் 5 செ.மீ.-க்கு வளையங்கள் தொங்கும், வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு இன்ச் 2.54 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் 45 செ.மீ. என்பது 18-க்குக் கொஞ்சம் குறைவு.

ஆயர் ஈத்தாம் அக்கா

தங்கச்சி, நான் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையில் பல வருடம் கவுண்டரில் நின்றவள். எல்லாருக்கும் 18 என்று சொல்லி விற்பது கடைக்கு எளிது, ஏனென்றால் கையிருப்பில் அதிகம் இருப்பது அதுதான். ஆனால் கழுத்து 12 இன்ச் இருக்கும் பெண்ணும் வருவாள், 16 இன்ச் இருக்கும் அம்மாவும் வருவார். அதே 18 ஒருவருக்கு நெஞ்சில் இறங்கும், இன்னொருவருக்குக் கழுத்தடியிலேயே நின்றுவிடும். அதனால் இன்ச்சைக் கடைசியில் கேளுங்கள். டாலர் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கழுத்தை அளக்கும்போது தொண்டையின் நடுவில் சுற்றக் கூடாது. தலையைக் குனிந்தால் பிடரியில் ஒரு எலும்பு கைக்குத் தட்டுப்படும். நூல் அதை ஒட்டிப் படிந்து, இரண்டு பக்கமும் தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் இறங்கி, முன்னால் தொண்டைக்குழியில் சேர வேண்டும். சங்கிலி உட்காரும் பாதை அது. இழுத்துப் பிடிக்காமல், தளர்ந்தும் தொங்காமல் பிடித்து, சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு நூலை ஸ்கேலில் வையுங்கள். தைக்கிற பருத்தி நூல் போதும். கம்பளி நூலும் எலாஸ்டிக்கும் இழுபடும், அளவு பொய்யாகிவிடும்.

அந்த அளவோடு 2 இன்ச் கூட்டினால் கழுத்தை ஒட்டி நிற்கும், அதைவிடக் குறைத்தால் வெயில் நேரத்தில் வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். 4 கூட்டினால் காறை எலும்புக்குக் கீழே வரும். அதற்கு மேல் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியில் 2 இன்ச் கூட்டினால் டாலர் ஏறக்குறைய 1 இன்ச்தான் இறங்கும், ஏனென்றால் கூட்டியது வலம் ஒன்று இடம் ஒன்று என்று பிரிந்துவிடும். "கொஞ்சம் கீழே வரணும், 2 இன்ச் இறங்கணும்" என்று கேட்டு 18-லிருந்து 20-க்குப் போனவர்கள் பலர் திரும்பி வந்து, இறங்கவே இல்லையே என்பார்கள். 2 இன்ச் இறங்க வேண்டும் என்றால் 22 எடுக்க வேண்டும்.

டாலரின் உயரம் சங்கிலி அளவில் சேராது. கடையில் 18 என்று எழுதியிருந்தால் கொக்கியையும் சேர்த்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 18. உங்கள் 3 செ.மீ. டாலர் அதற்குக் கீழே தனியாகத் தொங்கும். டாலர் கனமாக இருந்தால் சங்கிலியை இழுத்துக் கூராக்கும். அதே சங்கிலி டாலர் இல்லாமல் போட்டால் வளைவாக, இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும். எனவே நூலை வைத்து ஒத்திகை பார்ப்பவர்கள் டாலரின் எடைக்கு நிகரான ஒரு சாவியைக் கோர்த்துப் பாருங்கள், வெறும் நூலை நம்பாதீர்கள்.

தங்கச்சி ஏற்கனவே போடும் சங்கிலி ஏதாவது இருந்தால் அது இன்னும் நல்லது. அவள் குளிக்கும்போது கழற்றி வைத்தால் அம்மா எடுத்து மேசையில் நேராகப் படுக்கவைத்து அளக்கட்டும். வளையமாக வைத்துச் சுற்றளவு எடுக்க வேண்டாம், முறுக்கு இருந்தால் பிரித்துவிட்டு அளக்க வேண்டும்.

இனித் தாலிக்கொடி. பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். கொடி பெரும்பாலும் ரவிக்கைக்குள் போகும் நீளத்தில் இருக்கும். புதுச் சங்கிலி அதைவிட 2 இன்ச்தான் குறைவு என்றால் நடக்க நடக்க இரண்டும் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். அப்போது மெல்லிய சங்கிலிதான் தேயும். உங்கள் கோதுமைச் சங்கிலி 8 கிராம், கொடி அதைவிடக் கனம். குறைந்தது 4 இன்ச் வித்தியாசம் வையுங்கள், இன்னும் கூட இருந்தால் நல்லது. கொடி 26 என்றால் 18-ம் 20-ம் பயமில்லை, 24-தான் வேண்டாம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். 18 இன்ச்சுக்கு 8 கிராம் என்றால் அதே பின்னலில் 20 இன்ச் 8.9 கிராம் அளவுக்கு வரும், 22 இன்ச் 9.8, 24 இன்ச் 10.7. தங்கம் விற்கும் விலையில் நீளம் என்பது நேராகப் பணம். யாராவது "24 இன்ச், அதே 8 கிராம்" என்று காட்டினால் பின்னல் மெல்லியது என்று அர்த்தம். தினசரி போடும் சங்கிலிக்கும் டாலர் கோர்க்கும் சங்கிலிக்கும் அது கூடாது. டாலரின் வளையம் உரசி உரசி நடுப்பகுதிதான் முதலில் இற்றுப் போகும்.

ஊசிநூல்

அக்கா சொன்னதோடு தையல்காரியாக ஒன்று சேர்க்கிறேன். கல்யாண ரவிக்கையின் முன்கழுத்து இறக்கம் எவ்வளவு என்று கேளுங்கள். நாங்கள் அதைத் தோளிலிருந்து எடுப்போம், தொண்டைக்குழியிலிருந்து அல்ல. தோளிலிருந்து தொண்டைக்குழி வரை பெரும்பாலானவர்களுக்கு 3 இன்ச் சுமார் வரும். ஆக, இறக்கம் 7 என்றால் துணியின் ஓரம் தொண்டைக்குழிக்கு 4 இன்ச் கீழே இருக்கும்.

இப்போது வரும் மணப்பெண்கள் பத்துக்கு எட்டுப் பேர் ஆரி வேலைதான் கேட்கிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு அது பரவிவிட்டது. கழுத்தோரம் முழுக்க மணியும் ஜரிகைச் சுருளும். டாலர் சரியாக அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் முனை மாட்டும், நிமிரும்போது சுருள் இழுபட்டு வெளியே வரும். மணமேடையில் அதைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. டாலரின் அடி, துணி ஓரத்துக்கு ஒரு விரலாவது மேலே நிற்கட்டும், அல்லது முழு டாலரும் துணிமேல் இறங்கிவிடட்டும்.

செந்தூல்காரி

அக்கா, ஊசிநூல், இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்க்கும் சாக்கில் நூலைச் சுற்றிப் பார்த்துவிட்டார். கழுத்து சரியாக 13 இன்ச். அவள் தினமும் போடும் மெல்லிய சங்கிலியையும் மேசையில் வைத்து அளந்தார், 16. "இது கூரோங் கழுத்துக்குள்ளேயே மாட்டிக்கிட்டு நிக்குது" என்று அவள் அடிக்கடி அலுத்துக்கொள்வாளாம். தையல்காரரிடம் கேட்டோம், கல்யாண ரவிக்கை முன்கழுத்து 7, ஆரி வேலை உண்டு. தாலிக்கொடி 26 என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள்.

கல்யாணத்தன்று கழுத்தை ஒட்டி அட்டிகை, கீழே 30 இன்ச் ஆரம், நடுவில் இந்த டாலர். அப்படியானால் 20 எடுத்துவிடலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா

அம்மா கெட்டிக்காரர். இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால் கடைக்கு அவள் வர வேண்டிய அவசியமே இல்லை.

கணக்குப் போடுவோம். கழுத்து 13. சங்கிலி 18 என்றால் மிச்சம் 5, அதில் பாதி இறக்கம். தொண்டைக்குழிக்கு இரண்டரை இன்ச் கீழே டாலர் தொடங்கும். 3 செ.மீ. டாலர் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட. அடி மூன்றே முக்காலில் வந்து நிற்கும். துணி ஓரம் 4-இல். ஊசிநூல் வேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே போய் உட்காரும். 20 எடுத்தால் மூன்றரையில் தொடங்கி நாலே முக்காலில் முடியும், லட்சுமியின் முகம் சருமத்திலும் பாதம் ஆரி மணிமேலும் இருக்கும். அது இன்னும் மோசம். 16 என்றால் ஒன்றரையில் தொடங்கி இரண்டே முக்காலில் முடிகிறது. துணிக்கு மேலே ஒன்றேகால் இன்ச் வெறும் கழுத்து தெரியும். கல்யாணத்துக்கு இதுதான் அழகு. விரலளவு முன்பின் இருந்தாலும் இடம் இருக்கிறது.

அட்டிகை எவ்வளவு அகலம் என்று மட்டும் பாருங்கள். அதன் கீழ் விளிம்பு தொண்டைக்குழியைத் தாண்டி இறங்கினால் டாலரின் தலையில் இடிக்கும். அப்படி இருந்தால் அட்டிகையின் பின்கயிற்றை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கி மேலே ஏற்றுங்கள், சங்கிலியைத் தொடாதீர்கள். 30 இன்ச் ஆரம் மார்புக்குக் கீழே போய்விடும், அதனோடு சிக்கல் இல்லை.

ஆனால் கல்யாணம் ஒரு நாள். பாஜு கூரோங் ஒவ்வொரு வாரமும். கூரோங்கின் வட்டக் கழுத்து தொண்டைக்குழியை ஒட்டி வரும், 16 போட்டால் ஒரு பக்கம் துணிக்குள்ளும் மறு பக்கம் வெளியிலுமாக நிற்கும். அவள் அலுத்துக்கொள்வது அதனால்தான். 18 அந்த ஓரத்தைத் தாண்டித் துணிமேல் படியும், டாலர் முழுதாக வெளியே தெரியும். கனமான பட்டுத் துணியில் கூட அசையாமல் உட்காரும்.

அதனால் 18 எடுங்கள், 16-இல் ஒரு சின்ன வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள். கொக்கி மாட்டும் முனையிலிருந்து 2 இன்ச் உள்ளே ஒரு வளையத்தைப் பற்றவைத்துத் தருவார்கள், சிறிய வேலைதான். கல்யாணத்தன்று அதில் மாட்டினால் மிச்சம் 2 இன்ச் பின்னால் தொங்கும், பூச்சரமும் ஜடையும் மறைத்துவிடும். வெறும் வளைத்துச் சொருகிய வளையமாக இல்லாமல் பற்றவைத்ததாக இருக்கட்டும், டாலரின் கனம் முழுவதும் அன்று அந்த ஒரு வளையத்தில்தான் நிற்கும். கொக்கியும் பார்த்து வாங்குங்கள். எஸ் கொக்கி நாள்பட வாய் திறந்துகொள்ளும், பள்ளியில் பிள்ளைகள் நடுவே குனிந்து நிமிர்கிற பெண்ணுக்கு ஸ்பிரிங் வைத்த கொக்கி பாதுகாப்பு.

26 கொடிக்கும் 18-க்கும் 8 இன்ச் இடைவெளி. இரண்டும் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும் பயமில்லை.

கெப்போங் அண்ணன்

நல்ல விளக்கம். முத்துமாலைக்கும் இதே கணக்குதானா? மகள் 18 இன்ச்சில் 10 மி.மீ. முத்து வாங்கினாள், கழுத்தை இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். அவள் கழுத்து 14.

ஆயர் ஈத்தாம் அக்கா

முத்துக்கு வேறு கணக்கு அண்ணே. நீளத்தைக் கோர்த்த நூலின் வழியாக அளப்பார்கள், ஆனால் கழுத்தில் படுவது முத்தின் உள்பக்கம். 10 மி.மீ. முத்தில் உள்சுற்று 3 செ.மீ.-க்கு மேல் குறைந்துவிடும், அதாவது ஒன்றேகால் இன்ச். 18 என்று வாங்கியது அவளுக்கு 17-க்கும் குறைவாகத்தான் இருக்கிறது. கொக்கியில் 2 இன்ச் நீட்டுச் சங்கிலி ஒன்று சேர்த்தால் போதும். திரும்பக் கோர்க்கும் காலம் வந்தால், அதே அளவில் முத்து கிடைத்தால் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.

செந்தூல் தங்கச்சி, ரசீதில் எடையோடு நீளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், வளையம் வைத்த பிறகு உள்ள எடையை. பழைய வளையலின் எடையைத் தனி வரியில் போடச் சொல்லுங்கள், கூலியையும் தனியாக.