புதிய விஞ்ஞான, கணித நூல்களைத் தெரிவுசெய்ய யாருடைய சொல்லை நம்புவது?

வினா: படுவான்கரை ஆசிரியர்

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் பாடசாலை நூலகத்துக்கென ஒரு சிறு தொகை தருகிறது. அதைக் கொண்டு ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பத்துப் பன்னிரண்டு நூல்கள் வாங்கலாம். கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே குவிந்து கிடப்பதால், உயர்தர வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் ஒரு பிள்ளை பாடத்திட்டத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்க உதவும் புதிய நூல்களையே வாங்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு இணையக் கடையொன்றில் வாசகர்கள் இட்டிருந்த நட்சத்திரங்களை நம்பி மூன்று நூல்களை வரவழைத்தேன். எண்கோட்பாட்டை எளிமையாக விளக்குவதாகச் சொல்லப்பட்ட முதலாவது நூலில் பாதிக்கு மேல் 'உன்னால் முடியும்' என்ற வகையான ஊக்க உரைதான் இருந்தது. இரண்டாவது, விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அப்படியே அடுக்கி அட்டை போட்ட ஒரு கட்டு. மூன்றாவது நல்ல நூல்தான்; ஆனால் அதன் முதல் அத்தியாயத்தை நானே இருமுறை படிக்க வேண்டியிருந்தது. கொழும்பில் இருப்பவர்கள் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். அதற்காக நான் இரவு ரயில் ஏற முடியாது. கையில் எடுத்துப் பாராமலே வாங்க வேண்டிய ஒருவர் யாருடைய பரிந்துரையை நம்பலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கணித விரிவுரையாளர், வந்தாறுமூலை

நட்சத்திரம் இடுபவர் நூலின் தரத்துக்கு மட்டும் அதை இடுவதில்லை. பொதி உரிய நாளில் வந்து சேர்ந்ததற்கும், அட்டை அழகாக இருந்ததற்கும் சேர்த்தே இடுகிறார். நீங்கள் தேட வேண்டியது, தன் பெயரைப் போட்டு, அந்தத் துறையைக் கற்பிக்கும் ஒருவர் எழுதிய மதிப்புரையை. கணிதத்தைப் பொறுத்தவரை அவற்றில் பெரும்பகுதியை இலவசமாகவே படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாதிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் 'நோட்டீசஸ்' இதழை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அதில் வரும் நூல் மதிப்புரைகள் பல பக்கங்களுக்கு நீளும் கட்டுரைகள். ஐரோப்பியக் கணிதவியல் கழகத்தின் இதழும் அவ்வாறே. ஆனால் உங்கள் தேவைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது, எம்.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் மதிப்புரைகளை. அவை பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்களால் எழுதப்படுபவை. இந்த நூலைப் படிக்க முன்னறிவு எவ்வளவு வேண்டும், பயிற்சிகளுக்கு விடை உண்டா, எந்த அத்தியாயத்தில் நூலாசிரியர் அவசரப்பட்டிருக்கிறார் என்பவற்றை அவர்கள் மறவாமல் எழுதுகிறார்கள். இளமாணிப் பட்டப்படிப்புக்கான நூலகம் ஒன்று வைத்திருக்க வேண்டிய கணித நூல்களுக்கு அச்சங்கம் தனிப் பட்டியலும் வைத்திருக்கிறது. அதில் நூல்கள் 'இன்றியமையாதது' என்பதில் தொடங்கிப் பல படிநிலைகளில் தரப்படுத்தப்பட்டுள்ளன. பட்டியல் பல்கலைக்கழகத்தை நோக்கியது என்பதால் கீழ்நிலைப் பாடங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். நமது சூழலுக்கு நெருக்கமானது வேண்டுமென்றால், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் வெளியிடும் 'ரெசொனன்ஸ்' மாத இதழைப் பாருங்கள். அதுவும் இலவசம், மாணவரையும் ஆசிரியரையும் மனத்திற்கொண்டே எழுதப்படுவது.

மதிப்புரையாளரை எடைபோட எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் வரிக்கு வரி அறிந்த ஒரு நூலைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் தேடுவேன். அந்த நூலில் என் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தடுக்கி விழும் இடத்தை அவர் கண்டிருந்தால், நான் அறியாத நூலைப் பற்றி அவர் சொல்வதையும் நம்புவேன். குறையே சொல்லாத மதிப்புரையை, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், விளம்பரமாகவே கருதுவேன்.

பதில்: பௌதிகவியல் ஆசிரியர், சம்மாந்துறை

அஸ்ஸலாமு அலைக்கும். விரிவுரையாளர் கணிதத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதை அப்படியே விஞ்ஞானத்துக்கும் பொருத்த முடியாது. பொதுமக்களுக்கான விஞ்ஞான நூல்களுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுவோர் பலர் அத்துறையினர் அல்லர். நடை நன்றாக இருந்தால் நூலும் நன்று என்று முடித்துவிடுகிறார்கள். விருதுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. இலண்டன் ரோயல் சொசைட்டி 1988 முதல் விஞ்ஞான நூலுக்கான பரிசை வழங்கி வருகிறது. அதன் இறுதிப் பட்டியலில் வரும் நூல்கள் படிக்கச் சுவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது வளர்ந்தவர்களுக்கான வாசிப்பு. ஒரு சமன்பாட்டைக்கூடக் காணாமல் பக்கங்கள் ஓடும், உங்கள் பிள்ளை அதிலிருந்து பௌதிகம் செய்யக் கற்காது. அதே சொசைட்டி இளையோருக்கென வழங்கும் பரிசு வேறு வகையானது. பட்டியலைப் பெரியவர்கள் சுருக்கிக் கொடுக்க, வெற்றி நூலைப் பாடசாலைப் பிள்ளைகளே தெரிவுசெய்கிறார்கள். கீழ் வகுப்புகளுக்கு வாங்கும்போது நான் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறேன்.

'புதியது' என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கணிதத்தில் அறுபது ஆண்டு பழைய வகையீட்டு நூலைக் கொடுத்தாலும் பிள்ளைக்கு நட்டமில்லை. விஞ்ஞானத்தில் அப்படியல்ல, அட்டையில் புதிய ஆண்டும் உள்ளே பழைய செய்தியுமாக வரும் நூல்களில் நான் பணத்தை இழந்திருக்கிறேன். இப்போது மாதிரிப் பக்கங்களில் சில இடங்களை மட்டும் பார்ப்பேன். கிலோகிராம் 2019 மே 20 முதல் பிளாங்கின் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இன்னமும் பாரிசுக்கு அருகே காக்கப்படும் உலோக உருளைதான் கிலோகிராம் என்று எழுதியிருந்தால் அந்த அத்தியாயத்தை யாரும் திருத்தவில்லை. ஆவர்த்தன அட்டவணையின் 113, 115, 117, 118 ஆம் மூலகங்களுக்கு 2016 நவம்பரில் பெயர் உறுதியானது. அங்கே தற்காலிகப் பெயர் இருந்தாலும் அவ்வாறே. ஈர்ப்பு அலைகள் 2015 செப்டெம்பரில் முதன்முறையாக உணரப்பட்டன. அவற்றை 'இனிமேல் கண்டறியப்படலாம்' என்று சொல்லும் நூலுக்கு இன்று ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்?

பதில்: நூலகப் பணியாளர், கல்முனை

சேர் சொன்ன பழைய சரக்குச் சிக்கலுக்கு ஒரு காரணம், விற்பனைப் பக்கத்தில் காட்டப்படும் ஆண்டு மறுபதிப்பு ஆண்டாக இருப்பதுதான். டோவர் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் பழைய கணித நூல்களை மலிவு விலையில் மறுபதிப்புச் செய்கிறது. அவற்றுள் அருமையானவை பல உண்டு, ஆனால் புதிய நூல் என்று எண்ணி வாங்கக் கூடாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதற்பதிப்பு ஆண்டு இருக்கும். மாதிரிப் பக்கங்களில் அதுவும் காட்டப்படாத நூலை நாங்கள் வாங்குவதில்லை. அதுபோல, தெற்காசியாவில் மட்டும் விற்பதற்கென அச்சிடப்படும் மலிவுப் பதிப்புகள் நம் பைக்கு ஏற்றவை. ஆனால் மதிப்புரை எந்தப் பதிப்பைப் பற்றியது, கடைக்காரர் தருவது எந்தப் பதிப்பு என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் நூல்களுக்கு இப்படி மதிப்புரை தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அங்கே நான் பார்ப்பது கலைச்சொல்லை. தமிழ்நாட்டில் அச்சான இயக்கவியல் நூலில் 'வேகம்' என்று இருந்தால், அது நம் பிள்ளைகள் 'கதி' என்று படிப்பது. நாம் 'வேகம்' என்பதை அவர்கள் 'திசைவேகம்' என்பார்கள். நமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம். ஒட்சிசனை ஆக்சிஜன் என்று கண்டால் பிள்ளை தானே புரிந்துகொள்ளும். வேகம் என்ற ஒரே சொல் இரு பொருளில் வந்தால் பிழையாகவே புரிந்துகொள்ளும், பிழை என்று அதற்குத் தெரியவும் மாட்டாது. அதற்காக அந்த நூல்களை ஒதுக்க வேண்டாம். இரு வழக்குகளையும் எழுதிய ஒரு தாளை முன்னட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள், நாங்கள் ஒட்டுகிறோம்.

மறுமொழி: படுவான்கரை ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. விரிவுரையாளர் சொன்ன சோதனையை நேற்றிரவே செய்து பார்த்தேன். என்னைத் திணறவைத்த அந்த மூன்றாவது நூலுக்கு எம்.ஏ.ஏ. தளத்தில் மதிப்புரை இருந்தது. நவீன அட்சரகணிதத்தில் ஓராண்டுப் பயிற்சி இல்லாதவர் இதைத் தொட வேண்டாம் என்று இரண்டாம் பந்தியிலேயே எழுதியிருக்கிறார்கள். பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் சங்கத்தின் பணம் மிஞ்சியிருக்கும்.

இம்முறை முதலில் பாதித் தொகைக்கு ஐந்து நூல்களை மட்டும் வரவழைப்பதாகத் தீர்மானித்திருக்கிறேன். சம்மாந்துறை ஆசிரியர் சொன்ன இடங்களை மாதிரிப் பக்கங்களில் தேடியதில் ஒரு வானியல் நூல் இப்போதே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. கல்முனை அன்பரிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் ஒட்டும் அந்தச் சொல் தாளின் படமொன்றை இங்கே இட முடியுமா? பௌதிகவியலுக்கு மட்டும் இருந்தாலும் போதும். கணிதச் சொற்களை நான் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.